சிறு திருகாணிக்கு ஏற்ற அலன் கீ

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாத்தளை வாழ் மக்களுக்கு இதன் பொருளை எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. மாசி மகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுப்பர். அத்தனை பேருடைய பலமும் பயன்படுவதற்குச் சக்கரம் அச்சிலே நிற்கவேண்டும். சக்கரத்தை அச்சிலே நிறுத்துவது ஒரு சிறிய ஆணி.

பெருந்தேருக்குப் பொருந்தும் இந்த உண்மை, உள்ளங்கைகள் இரண்டிலே ஏந்தக்கூடிய ஒரு சிறு வண்டிக்கும் பொருந்தும். வானொலி அலையால் ஏவப்பட்டு ஓடும் விளையாட்டு வண்டிகளையே ஈண்டு குறிப்பிடுகின்றோம். 'றிமோட் கார்' என்று பிள்ளைகள் அழைக்கும் இவ்வண்டிகளில் மலிவானவை உண்டு. அவை பழுதடைந்தால் எறியப்படுவன. வேறு சில, கழற்றவும் பூட்டவும் பழுதுபார்க்கவும் ஏற்றவாறு நுட்பமாக அமைக்கப்பட்டவை. இவ்விரண்டாம் வகை வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மோட்டரோ மின்கலமோ அன்று. பெரும்பாலும் அதன் திருகாணிகளைக் கழற்ற எடுத்த கருவி பொருத்தமானதா இல்லையா என்பதே அதைத் தீர்மானிக்கின்றது.

வானொலி என்றவுடன் பேச்சும் பாட்டும் செய்தியுமே நேயர்களின் நினைவுக்கு வரும். ஆனால் குரலை ஏற்றிச் செல்லுமுன்னரே, கட்டளையை ஏற்றிச் செல்ல வானொலி அலை பழகிவிட்டது. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலுள்ள மடிசன் ஸ்குவயர் கார்டனில் நடைபெற்ற மின்பொருட்காட்சியில், நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நீர்த்தொட்டி ஒன்றிலே ஒரு சிறு படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவுமின்றி அதனை விரும்பியவாறு இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரிலேயே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். விளையாட்டுப் பொருளாக இக்கலை வீடுகளுக்குள் புகுந்தது மிகப் பிந்திய காலத்தில். யப்பானின் தமியா நிறுவனம் தன் முதலாவது வானொலிக் கட்டுப்பாட்டுக் காரை வெளியிட்டது 1976ஆம் ஆண்டில்.

உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவான இத்தகைய வண்டி ஒன்றைக் கவிழ்த்துப் பார்ப்பின், பல பத்துத் திருகாணிகள் கண்ணிற்படும். அவற்றுட் பலவற்றின் தலையில், திருப்புளிக்குரிய வெட்டு இராது. தேன்கூட்டின் கண்ணறை போன்று ஆறு பக்கங்கொண்ட ஒரு சிறு குழி இருக்கும். அக்குழியில் நுழைத்துத் திருகுவதற்கு ஆறு பட்டையுள்ள எஃகுக் கம்பி ஒன்று வேண்டும். அதுவே அறுகோணத் திறவுகோல். பட்டறைகளில் அதன் பெயர் அலன் கீ.

இப்பெயர் வந்த வரலாறு அறியத்தக்கது. முற்காலத் தொழிற்சாலைகளில் கூரையை ஒட்டி நீண்ட தண்டு ஒன்று சுழலும். அதிலுள்ள கப்பிகளிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி, கீழேயுள்ள எந்திரங்களை ஓட்டும். கப்பிகளைத் தண்டோடு இறுக்கிய திருகாணிகளுக்குச் சதுரத் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுழலும் அத்தலைகள் தொழிலாளியின் சட்டைக் கையையோ மேலாடையையோ கவ்வி இழுத்து, கையைப் பறித்ததும் உயிரைப் பறித்ததும் உண்டு. தலையை நீக்கி, திருகாணியின் உட்புறத்திலேயே குழி அமைத்தால் கவ்வுவதற்கு எதுவும் வெளியே இராதன்றோ? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்போர்ட் நகரில் வில்லியம் அலன் என்பவர் 1910ஆம் ஆண்டளவில் இத்தகைய பாதுகாப்புத் திருகாணிகளைச் செய்து விற்கலானார். அவர் பெயரே கருவிக்கும் நிலைத்தது. தொழிலாளியின் உயிரைக் காக்கத் தோன்றிய அறுகோணக் குழி, இன்று சிறுவனுடைய விளையாட்டு வண்டியிலும் இருக்கின்றது.

இனி மாத்தளைக்கு வருவோம். அலன் கீ ஒன்றைத் தேடும் சிறுவன் முதலில் நாடுவது வீட்டிலுள்ள பழைய கருவிப்பெட்டியை. இம்மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் அப்பெட்டிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பியும், பின்னர் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் இங்கு பயிராகின. தொழிற்சாலை எந்திரங்கள் பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கின. இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பெயர்பெற்ற சிரொக்கோ உலர்த்திகள், பெல்பாஸ்ற் நகரில் சாமுவேல் டேவிட்சன் நிறுவிய ஆலையில் உருவானவை. திருகாணி மரைகளுக்குப் பொதுவான அளவுமுறை வேண்டுமென 1841ஆம் ஆண்டில் எடுத்துக்கூறியவர் ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அவருடைய அளவுகள் அங்குல அளவுகள். ஆகவே அந்த எந்திரங்களோடு வந்த கருவிகளும் அங்குலக் கருவிகளே. இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறிய பின்னரும், நல்ல எஃகினாற் செய்த அக்கருவிகளை எவரும் எறிந்துவிடவில்லை. தாத்தாவின் பெட்டியில் அவை பத்திரமாக இருக்கின்றன.

இங்கேதான் வில்லங்கம் தோன்றுகின்றது. தோட்டத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரையும் அவருடைய பேரனையும் கற்பனை செய்துகொள்ளலாம். வண்டியின் முன்சக்கரத் தாங்கியைக் கழற்றவேண்டும். பேரன் பெட்டியைக் கிளறி ஓர் அலன் கீயை எடுத்து, திருகாணியின் குழியில் வைக்கிறான். அது உள்ளே போகின்றது.

"தாத்தா, இது சரியா இருக்கு!"

முதியவர் அதனை வாங்கி, திருப்பாமல், இடமும் வலமும் இலேசாக அசைத்துப் பார்க்கிறார். "உள்ளே போயிருச்சு, ஆனா ஆடுதே தம்பி. ஆடுறது சரியில்லை."

முதியவரின் கை கண்டதைக் கணக்கும் உறுதிப்படுத்தும். பேரன் எடுத்தது 3/32 அங்குலக் கீ. அதன் அளவு 2.38 மில்லிமீற்றர். திருகாணியின் குழியோ 2.5 மில்லிமீற்றர். வேறுபாடு 0.12 மில்லிமீற்றர், தலைமயிரின் தடிப்பைவிடச் சற்றே கூடியது. இத்துணைச் சிறிய இடைவெளி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். சரியான கீ குழியிலே அமரும்போது, அதன் பட்டைகள் குழியின் சுவர்களை நெருங்கி நின்று, முறுக்கு விசையை ஆறு இடங்களிலும் பகிர்ந்துகொள்ளும். இளைத்த கீயோ முதலிற் சற்றுச் சுழன்று, பின்னர் தன் ஆறு கூர்விளிம்புகளால் மட்டும் சுவரைத் தொடும். விசை முழுவதும் அந்த ஆறு கோடுகளில் ஏறுகின்றது. உலோகம் நசுங்குகின்றது. அறுகோணம் வட்டமாகின்றது. வட்டக் குழியை எந்தக் கீயும் திருப்பாது.

எல்லா அங்குலக் கீகளும் இவ்வாறு கேடு செய்வனவல்ல. 5/64 அங்குலக் கீயின் அளவு 1.98 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர்க் குழிக்கு அது ஏறத்தாழச் சரி. 1/16 அங்குலக் கீ 1.59 மில்லிமீற்றர் ஆதலால் 1.5 மில்லிமீற்றர்க் குழியினுள் நுழையவே மாட்டாது. எனவே அதனாலும் தீங்கில்லை. அதற்கு அடுத்த சிறிய கீயாகிய 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீற்றர், அதே குழியினுள் தாராளமாக நுழைந்து அதனைச் சிதைத்துவிடும். நுழையாத கருவி தன் பிழையைத் தானே சொல்லிவிடும். நுழைந்து ஆடும் கருவியே ஏமாற்றுவது. இதனை மனத்திற் கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மறுபாதிப் பாடம் திருகாணியைப் பற்றியது. மரையின் குறுக்களவைக் கொண்டு கீயின் அளவை ஊகிக்கும் வழக்கம் பலரிடமுண்டு. இது தவறு. இவ்வண்டிகளில் மிகுதியாகப் பயன்படுவது 3 மில்லிமீற்றர் மரையுள்ள திருகாணி. அதன் தலை உருளை வடிவமாக உயர்ந்திருந்தால், குழி 2.5 மில்லிமீற்றர். தலை பொத்தான்போற் குவிந்து தாழ்ந்திருந்தாலும், தட்டையாகப் பலகையினுள் அமிழ்வதாயிருந்தாலும், குழி 2 மில்லிமீற்றர். தலையே இல்லாத திருகாணியாயின், குழி 1.5 மில்லிமீற்றர் மட்டுமே. மரை ஒன்று, அதற்கு வேண்டிய கீகள் மூன்று. 4 மில்லிமீற்றர் மரைக்கு இவை முறையே 3, 2.5, 2 மில்லிமீற்றராகும். சக்கரத் தாங்கியைக் கழற்றிய கீயாலேயே அடித்தட்டின் ஆணியையும் கழற்ற முற்படும் அவசரக்காரர், பெரும்பாலும் இவ்விடத்திலேயே இடறுகின்றனர்.

தலையில்லாத் திருகாணி தனியே கவனிக்கத்தக்கது. மோட்டரின் தண்டிலே மாட்டியிருக்கும் பினியன் என்னும் சிறு பற்சில்லை இறுக்கிப் பிடிப்பது இதுவே. மோட்டரின் சுழற்சி முழுவதும் சக்கரங்களுக்குச் செல்லும் வழி இந்த ஓர் ஆணியில் தங்கியிருக்கின்றது. தேரின் அச்சாணிக்கு நிகராக இவ்வண்டியிலே ஒன்றைச் சொல்வதாயின் இதனையே சொல்லவேண்டும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். ஆணியின் முனை அத்தட்டையின்மீதே அமரவேண்டும். வளைந்த பக்கத்தில் அமர்ந்தால், எவ்வளவு இறுக்கினும் நழுவும். வானொலியால் இயங்கும் சிறு ஹெலிகொப்டர்களில் இத்தகைய ஆணிகள் இன்னும் நுண்ணியவை, 1.3, 0.9 மில்லிமீற்றர்க் கீகள் அவற்றுக்கு வேண்டும். தரையில் ஓடும் வண்டியில் ஆணி நழுவினால் வண்டி நிற்கும். மிகுந்த வேகத்திற் சுழலும் இறக்கையின் ஆணி நழுவினால், அருகில் நிற்பவரின் முகத்துக்கே ஆபத்து.

கருவியை வாங்கச் செல்பவர் அளவோடு எஃகின் தரத்தையும் நோக்கவேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. முறுக்கைத் தாங்கும் வலிமை, கம்பியின் தடிப்பு பாதியாகும்போது பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒரு பங்காகக் குறைகின்றது. 3 மில்லிமீற்றர்க் கீ தாங்கும் முறுக்கில் எட்டில் ஒன்றையே 1.5 மில்லிமீற்றர்க் கீ தாங்கும். ஆகவே மலிவான மெல்லெஃகிற் செய்த பெரிய கீ ஒருவாறு சமாளிக்கும். சிறிய கீயோ முதல் நாளிலேயே முறுகிவிடும். பெட்டி நிறைய முப்பது கீகள் வாங்குவதிலும், நன்கு கடினமாக்கிய எஃகினாலான நான்கு கீகள் வாங்குவது புத்திசாலித்தனம். மெற்றிக் அளவில் அமைந்த வண்டிக்கு 1.5, 2, 2.5, 3 மில்லிமீற்றர் என்னும் நான்கும் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் போதும். அமெரிக்காவில் முன்னர் செய்யப்பட்ட சில வண்டிகள் அங்குல அளவின, அவற்றுக்கு 0.050, 1/16, 5/64, 3/32 அங்குலக் கீகள் வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து, எம்முறையைச் சேர்ந்தது என்று முதலில் அறிதல் நன்று. இரு முறைக் கீகளையும் ஒரே பெட்டியிற் கலந்து வைத்தல் ஆகாது. அங்குலக் கீகளின் பிடியில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிவைத்தாலும் போதும்.

கீயின் வடிவத்திலும் வகையுண்டு. ஆங்கில 'எல்' எழுத்துப்போல் வளைந்த கீயின் நீண்ட கை நெம்புகோலாகும். இறுகிய ஆணியை இளக்க அது உதவும். அந்த உதவியே சிறு திருகாணிக்கு எமனாகவும் முடியும். விரலின் சிறு அழுத்தம் பெருவிசையாகி மரையை அறுத்துவிடும். நேராகக் கைப்பிடி பொருத்திய கீயில், எவ்வளவு இறுகுகின்றது என்பதை விரல்கள் உணரும். நுண்ணிய வேலைக்கு அதுவே உகந்தது. முனை உருண்டையாக அமைந்த கீயும் உண்டு. சாய்வாக நுழைத்துத் திருப்ப அது வசதியானது. ஆயினும் அதன் கழுத்து மெலிந்தது. குழியைத் தொடும் பரப்பும் குறைவு. இளகிய ஆணியை விரைந்து கழற்ற அதனைப் பயன்படுத்தலாம். இறுகியதை இளக்குவதற்கும் இறுதியாக இறுக்குவதற்கும் தட்டை முனையே வேண்டும்.

எவ்வளவு நல்ல கருவியும் முறையறியாத கையில் பயன்தராது. மாத்தளையின் மண்பாதைகளில் ஓடிய வண்டியின் திருகாணிக் குழிகளில் செம்மண் இறுகியிருக்கும். மண்ணின்மேல் நின்ற கீ பாதி ஆழமே இறங்கும். திருப்பியவுடன் குழியின் வாய் சிதையும். ஆதலின் முதலில் ஒரு தையல் ஊசியால் மண்ணைக் கிளறி எடுக்கவேண்டும். கீயை நேராக நிறுத்தி, அடிவரை இறக்கி, கீழ்நோக்கி அழுத்தியவாறே திருப்பவேண்டும். உலோகத்தோடு உலோகம் சேருமிடங்களில் ஆணி அதிர்ச்சியால் இளகாதிருக்க மரைப்பசை இடப்பட்டிருப்பதுண்டு. அத்தகைய ஆணி அசைய மறுத்தால், பற்றாசு வைக்கும் சூட்டுக்கோலின் முனையைச் சிறிது நேரம் ஆணித்தலையில் வைத்தாற் பசை இளகும். பிளாஸ்திக்கில் இறங்கும் ஆணிகளுக்கு இப்பசை கூடாது. சில பிளாஸ்திக் வகைகளை அது வெடிக்கச் செய்யும். அங்கே பெருவிரலும் சுட்டுவிரலும் தரும் இறுக்கமே போதுமானது.

கீயின் முனை நாளடைவில் தேயும். விளிம்புகள் உருண்டு பளபளப்பது அதன் அடையாளம். தேய்ந்த முனை புதிய ஆணியையும் கெடுக்கும். சாணைக்கல்லில் ஒரு மில்லிமீற்றரளவு சீவிவிட்டால், உள்ளிருக்கும் புதிய விளிம்பு வெளிப்படும். சீவும்போது அடிக்கடி நீரில் தோய்க்கவேண்டும். எஃகு சூடேறி நிறம் மாறினால் அதன் கடினம் போய்விடும்.

இவ்வளவு கவனித்தும் ஒரு குழி வட்டமாகிவிட்டால் என் செய்வது? அப்போது அங்குலக் கீயே கைகொடுக்கும் என்பது வியப்புக்குரியது. 1.5 மில்லிமீற்றர்க் குழி மழுங்கிவிட்டால், முன்பு நுழைய மறுத்த 1/16 அங்குலக் கீயை அதில் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், அது இறுகப் பிடித்து ஆணியைத் திருப்பித் தரும். தலை வெளியே தெரியும் ஆணியாயின், வாளால் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்புளியாற் கழற்றலாம். கழற்றிய ஆணியை மீண்டும் பூட்டுதல் ஆகாது.

ஆனால் புதிய ஆணி எங்கே? இக்கேள்வி கொழும்பில் உள்ளவருக்குச் சிறிது. மாத்தளையில் உள்ளவருக்குப் பெரிது. கண்டியிலிருந்து பிரிந்துவரும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் மாத்தளையை அடைந்தது. இன்றும் தண்டவாளம் இந்நகரோடு முடிகின்றது. உதிரிப்பாகங்களின் வழியும் பெரும்பாலும் அவ்வாறே. றத்தோட்டையிலோ நாவுலையிலோ உள்ள ஓர் இளைஞனுக்கு, கடல்கடந்து வரவேண்டிய ஒரு சிறு ஆணிக்காக மாதக்கணக்கிற் காத்திருக்க நேரலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. இறக்குமதியாகும் ஒவ்வொரு சிறு பொருளின் விலையும் அதனோடு ஏறியது. இத்தகைய காலத்தில், இருக்கும் ஆணியைக் கெடாமற் கழற்றத் தெரிந்தவனே வண்டியை உடையவன். அது தெரியாதவனிடம் இருப்பது வண்டியன்று. எறியப்படும் நாளை எதிர்நோக்கும் பொருள்.

கருவியை வேலைக்குப் பொருத்தும் இவ்வறிவு மாத்தளை மாவட்டத்துக்குப் புதியதன்று. இம்மாவட்டத்தின் பல்லே ஹப்புவித என்னும் கிராமத்துக் கைவினைஞர், அரக்கைச் சூடாக்கி நூல்போல் இழுத்து, மரப்பொருள்களின்மீது கோலமாகப் பதிப்பர். அந்நுண்ணிய இழையை அழுத்தவும் அறுக்கவும் அவர்கள் கையாளும் கருவி பெருவிரல் நகம். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் மாத்தளையின் இந்த நகவேலையையும் எடுத்துரைத்துள்ளார். எத்தனையோ கருவிகள் உலகில் இருக்க, அந்த இழைக்குப் பொருந்துவது நகமே என்று கண்டறிந்தது அனுபவம்.

அதே அனுபவத்தின் பிள்ளைதான், 'ஆடுறது சரியில்லை' என்று சொன்ன முதியவரின் கையும். சிறுவன் சரியான 2.5 மில்லிமீற்றர்க் கீயைப் பெற்று, குழியைத் துடைத்து, அழுத்தித் திருப்புகிறான். ஆணி முனகாமல் இளகி வருகின்றது. அந்த ஒரு நொடியில் அவன் விரல்கள் கற்றுக்கொண்டது விளையாட்டோடு முடிவதில்லை. நாளை அவன் தையல் எந்திரத்தையோ, நீரிறைக்கும் எந்திரத்தையோ, மருத்துவமனைக் கருவியொன்றையோ கழற்ற நேர்ந்தால், திருப்புவதற்கு முன் ஒருமுறை அசைத்துப் பார்ப்பான். தேர் ஓடுவது அச்சாணியால். அச்சாணி நிலைப்பது அதனைப் பூட்டவும் கழற்றவும் அறிந்த கையால்.